புரமோட்டருக்கு வந்த விக்கல்

எங்கள் காலனியின் பொது இடத்தைப் புரமோட்டர் கையிலிருந்து ஒற்றை ஆளாக மீட்டுக் கொடுத்தவன் நான்.

இப்படித்தான் ஊருக்குள் சொல்லிக்கொண்டு திரிகிறேன். சுத்தப் பொய். புரமோட்டருக்கு எதிராக நான் செய்த ஒரே காரியம், அவருடைய நாலாவது தோசைக்குச் சட்னி ஊற்றியதுதான். அதுவும் தேங்காய்ச் சட்னி. காரச் சட்னியாக இருந்திருந்தாலாவது போராட்டம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நான் ஒரு வெட் கிரைண்டர் கம்பெனியில் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தேன். நாள் முழுக்கக் கல் சுற்றுவதைப் பார்த்துப் பார்த்து, சாயங்காலம் பஸ் ஏறும்போது ஊரே மாவு ஆட்டுவது போல இருக்கும். படிப்பு மூன்றாம் வகுப்பு. அதிலும் வாத்தியார் என்னைப் பார்த்ததைவிடப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நின்ற இலந்தை மரம்தான் என்னை அதிகம் பார்த்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டதெல்லாம் பிற்பாடு, கம்பெனிக்கு வரும் பேப்பரில், டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டுதான். அதனால் இன்றைக்கும் எதைப் படித்தாலும் எனக்குப் பசிக்கும்.

தொண்டாமுத்தூர் ரோட்டில் வெங்காயக் காடாக இருந்த ஒரு பூமியைச் சைட் பிரித்து, மாதத் தவணைக்கு விற்றார்கள். விற்றவர் அந்தக் காட்டுக்குச் சொந்தக்காரரேதான். வெங்காயத்துக்கு விலை இல்லாத ஒரு வருஷத்தில் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையில் டைரியை எடுத்து, புரமோட்டர் ஆகிவிட்டார். அவர் அச்சடித்த நோட்டீஸில் ஊஞ்சல் இருந்தது, சறுக்கு மரம் இருந்தது, நீரூற்று இருந்தது, நடுவில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை பந்து விளையாடிக்கொண்டிருந்தது. கீழே ‘பொதுப் பூங்கா’ என்று பச்சை எழுத்து. அந்தக் குழந்தையைப் பார்த்துத்தான் என் மனைவி சைட் வாங்கச் சம்மதித்தாள். குடிவந்து பார்த்தால் அந்த இடத்தில் ஒரு வேப்ப மரம், ஒரு கிணறு, மீதியெல்லாம் பார்த்தீனியச் செடி. வெள்ளைக்காரக் குழந்தையை எங்கும் காணோம்.

காகிதத்தில் அதற்குப் பெயர் ரிசர்வ் சைட். காலனிக்கே பொதுவாக விட்ட இடம். எங்கள் வாயில் அது கிரவுண்டு. செடியை வெட்டிச் சுத்தம் செய்தோம். அந்தக் கிணற்றிலிருந்துதான் எல்லா வீட்டுக்கும் தண்ணீர். பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள், பெண்கள் மிளகாய் காயவைப்பார்கள், மிளகாய் மேல் பந்து விழுந்தால் இரண்டு தரப்புக்கும் சண்டை நடக்கும். வேப்ப மரத்தடியில் என் மனைவியின் எருமை கட்டியிருக்கும்.

அந்த எருமைதான் அவளுடைய கம்பெனி. காலனியில் முக்கால்வாசி வீட்டுக் காபி அதன் மடியிலிருந்து போயிற்று. என்னுடைய சம்பளம் வீட்டுக்குள் வந்ததும் ஆவியாகிவிடும். அவள் யாரையும் கேட்காமல் தொட்ட காசு பால் காசு ஒன்றுதான். எங்கள் வீட்டில் நான் காலை நீட்டிப் படுத்தாலே சுவர் இடிக்கும். எருமையை எங்கே கட்டுவது? கிரவுண்டு இருந்தால்தான் எருமை. இது அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், எருமைக்குக்கூடத் தெரியும் என்று நினைக்கிறேன். அந்த மரத்தடியை விட்டு அது லேசில் நகராது.

எருமையைப் பிடிக்காத ஒரே ஆள் பக்கத்து வீட்டு சார். பேங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். காலையில் வெள்ளை கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு கிரவுண்டைச் சுற்றி நடப்பார். எருமை அவர் வரும்வரை அடக்கி வைத்திருந்து, வந்ததும் சாணி போடும்.

“ஏனுங்க அம்மணி, இது பார்க்குங்க. கட்டுத்தரை இல்லீங்க” என்பார்.

“அதுகிட்டயும் சொல்லித்தானுங்க சார் பாத்தன். எங்கீங்க கேக்குது?” என்பாள் என் மனைவி.

“நெதமும் மிதிக்கறனுங்க.”

“மிதிங்க சார், பரவால்லீங்க. அது ஒண்ணும் நெனச்சுக்காது.”

இரண்டு பேரும் சிரிக்காமல் பேசுவார்கள். பேசி முடித்ததும் சார் தூக்குப் போசியை நீட்டி, அதே எருமையின் பாலை வாங்கிக்கொண்டு போவார்.

மார்கழி மாதத்தில் ஒரு காலை, வெள்ளியங்கிரி மலைப் பக்கத்திலிருந்து இறங்கிய பனி கிரவுண்டை மூடியிருந்தது. சார் நடக்கப் போனார். போன வேகத்தில் “ஐயோ!” என்று ஒரு சத்தம். எருமைதான் வேலையைக் காட்டிவிட்டது என்று நினைத்து நான் போர்வைக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். பனி விலகியதும் பார்த்தால், சார் கட்டை விரலைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் குதிக்கிறார். முன்னால் ஒரு சைட் கல். சுண்ணாம்பு அடித்து, கருப்பில் நம்பர் எழுதி, புத்தம் புதுசாக. அதற்கு அந்தப் பக்கம் இன்னொன்று. வேப்ப மரத்துக்கு அந்தப் பக்கம் இன்னொன்று. கிரவுண்டை மூன்று சைட்டாகப் பிரித்துக் கல் நட்டுவிட்டார் புரமோட்டர்.

சாணியை மன்னித்தவர் கல்லை மன்னிக்கவில்லை. வீங்கிய விரலோடு நேராகப் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போய் விசாரித்துக்கொண்டு வந்தார். ரிசர்வ் சைட்டைப் புரமோட்டர் பஞ்சாயத்துக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். எழுதிக் கொடுத்துவிட்டால் அதை யாரும் விற்க முடியாது. இவர் இத்தனை வருஷமாக எழுதிக் கொடுக்காமலே இழுத்துவிட்டார். இடம் இன்னும் அவர் பேரில்தான் நிற்கிறது. தை பிறந்ததும் கிரயம் செய்யப் போகிறார்.

“கேஸ் போடலாமுங்க” என்றார் சார். “ஆனா கேஸு முடியறதுக்குள்ள அங்க மூணு மாடி கட்டி, மேல துணி காயும்.”

என் மனைவி எருமையின் நெற்றியைச் சொறிந்துகொண்டே நின்றாள்.

உடனே வேப்ப மரத்தடியில் கூட்டம் போட்டோம். சங்கம் வேண்டும், சங்கத்துக்குத் தலைவர் வேண்டும் என்று முடிவானது. அங்கேதான் எங்கள் ஊர் மரியாதை புத்தியைக் காட்டியது.

“நீங்களே இருந்துக்குங்க சார்.”

“அய்யோ, நமக்கு வேண்டாமுங்க. மில்காரரு இருக்காருல்லங்க.”

“நானுங்களா? நம்ம வாத்தியாரு இருக்கறப்ப நான் இருந்தா நல்லாவா இருக்குமுங்க?”

“எனக்கென்னங்க தெரியும், நீங்க இருங்க.”

இப்படியே பதவி மரத்தைச் சுற்றி வந்தது. வெயில் ஏறிவிட்டது. கம்பெனிக்கு நேரமாகிறது என்ற எரிச்சலில் நான், “ஆரும் மாட்டீங்கன்னா நான் இருந்துக்கறனுங்க” என்று விளையாட்டுக்குச் சொன்னேன். சொன்ன வாயை மூடுவதற்குள் கை தட்டிவிட்டார்கள். அப்படியொரு கைதட்டல், ஆளுக்கு ஆள் தப்பித்த சந்தோஷம். சார் செயலாளர். எழுதுவதெல்லாம் அவர், கத்துவதெல்லாம் நான் என்று வேலையைப் பிரித்துக்கொண்டோம்.

தலைவர் வீட்டில்தான் பேச்சுவார்த்தை நடக்க வேண்டும் என்றார் சார். புரமோட்டருக்குச் சொல்லி அனுப்பினோம். ஞாயிற்றுக்கிழமை வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, அம்பாசிடர் கார். டிபன் நேரம் பார்த்துத்தான் வந்தார் என்பது பிற்பாடுதான் புரிந்தது. வாசலில் காலனியே நிற்கிறது. நான் ராத்திரி முழுக்க ஒத்திகை பார்த்த வசனம் ஒன்று உண்டு: ‘எங்க எடத்துல கல்லு நட நீங்க ஆருங்க?’ அதைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

“வாங்கண்ணா, வாங்க, உள்ள வாங்க. நல்லாருக்கறீங்களா?” என்று வந்தது.

என் மனைவி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் தண்ணீர்ச் சொம்பு; அதற்குப் பிறகுதான் பேச்சு. குடித்தார். தண்ணீர் குடித்தவரிடம் டிபன் சாப்பிடச் சொல்லாமல் இருக்க முடியுமா? சொன்னோம். சாப்பிடுகிறவரிடம் சண்டை போட முடியுமா? முடியாது. தோசை போட்டுக்கொண்டே இருந்தாள். அவர் ஒவ்வொரு விள்ளலுக்கும் ஒருத்தரை விசாரித்தார். மில்காரரின் முட்டி வலி, வாத்தியார் மகளின் டைப்பிங் பரீட்சை, சாரின் கட்டை விரல்.

“எப்பிடீங்க சார் வீங்குச்சு?”

“கல்லு தடுக்கிடுச்சுங்க” என்றார் சார்.

“பாத்து நடக்கோணுமுங்க சார். வயசாச்சல்லங்க” என்றார் புரமோட்டர், உண்மையிலேயே வருத்தமாக.

நான் நாலாவது தோசைக்குச் சட்னி ஊற்றினேன். அவர் கை கழுவி, எங்கள் எல்லோரையும் தன் மகளுடைய கல்யாணத்துக்கு அழைத்துவிட்டு, கார் ஏறிப் போய்விட்டார். கிரவுண்டைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை எடுக்கவில்லை. கார் தெரு முனை திரும்பியதும்தான் எல்லோருக்கும் கோபம் வந்தது. அதையும் என் மேல் காட்டினார்கள்.

“தலைவரே, என்னங்க இது? கேப்பீங்கன்னு பாத்தா ஊட்டி உடறீங்க!”

“நீங்களும்தான தலையாட்டிட்டு நின்னீங்க! கல்யாணத்துக்கு ஒட்டுக்கா வேன் புடிச்சுப் போலாம்னு சொன்னது ஆருங்க?”

மறுபடியும் கூட்டம். இந்தத் தடவை சார் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். கோளாறு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டாராம். தண்ணீர்ச் சொம்பில்தான் கோளாறு. தண்ணீர் கொடுத்தால் ஆள் ஒறம்பரை ஆகிவிடுகிறார், விருந்தாளியிடம் எப்படிச் சண்டை போடுவது? ஆகவே, அடுத்த முறை புரமோட்டர் வரும்போது யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது. உட்காரச் சொல்லலாம், அதுவும் நாற்காலியில் துணி விரிக்காமல். எல்லோரும் கை தூக்கினார்கள். என் மனைவி மட்டும், “தண்ணி இல்லீன்னு எப்படீங்க சொல்றது? வாய் வருமுங்களா?” என்று கேட்டாள்.

“இல்லீன்னு சொல்ல வேண்டாம் அம்மணி. கேக்கறதுக்கு முன்னாடி குடுக்காதீங்க, அவ்வளவுதானுங்க” என்றார் சார்.

அடுத்த ஞாயிறு வந்தார். அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. சொம்புகளை எல்லாம் கைக்கு எட்டாமல் மேலே அட்டத்தில் ஏற்றி வைத்திருந்தோம். நாற்காலியில் உட்கார்ந்த புரமோட்டர் வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார். தண்ணீர் வரவில்லை. அவருக்கு முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது. எனக்கு அதற்கு மேல் ஆகிவிட்டது. வந்தவர் தொண்டை நனையாமல் என் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்! என் காது சூடானது. ஆனால் தீர்மானம் வேலை செய்தது. சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

“ரிசர்வ் சைட்டுல கல்லு நட்டிருக்கறீங்களேங்க. அது பொது எடமல்லங்களா?”

“இல்லீன்னு ஆருங்க சொன்னாங்க? பொது எடந்தானுங்க. பார்க்கை அக்கட்ட மாத்தி உட்டறலாம்னு ஒரு ரோசனைங்க. ஓடக்கரைப் பக்கமா எடம் கெடக்குதல்லங்க, காத்து நல்லா வ...” என்றவர், “...விக்!” என்றார்.

விக்கல்.

“காத்து நல்லா வருமுங்க, கொழந்தைகளுக்கு... விக்!”

எல்லோரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தோம். சார் கண்ணாலேயே ‘ஆரும் அசையாதீங்க’ என்றார். மில்காரர் மேலே பார்த்தார். வாத்தியார் என் வீட்டுக் காலண்டரில் எமகண்டம் பார்த்தார். புரமோட்டருக்கு விக்கல் மேல் விக்கல். நாற்காலியே எழும்பி எழும்பி உட்கார்ந்தது. ஒவ்வொரு ‘விக்’குக்கும் கூட்டம் மொத்தமும் சேர்ந்து ஒரு எச்சில் விழுங்கியது. யாரோ ஒருத்தர் பின்னாலிருந்து, “ஆரோ நெனைக்கறாங்க போலிருக்குதுங்கண்ணா” என்றார். நினைக்காமல் என்ன செய்வார்கள், காலனியே அவரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தது.

அட்டத்தில் கடகடவென்று பாத்திரம் உருளும் சத்தம். என் மனைவி ஸ்டூலில் ஏறிச் சொம்பை எடுத்துவிட்டாள். சார் “அம்மணி...” என்றார்.

“தீர்மானம் கெடக்குதுங்க சார்! மனுசன் என்ற ஊட்ல விக்கிச் செத்தா ஆருங்க பதில் சொல்றது?”

சொம்பு நிறையக் கிணற்றுத் தண்ணீர். புரமோட்டர் அண்ணாந்து மடமடவென்று குடித்தார். கடைசிச் சொட்டுவரை குடித்து, சொம்பை வைத்துவிட்டு, துண்டால் வாயைத் துடைத்தார். விக்கல் நின்றுவிட்டது. அவர் கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. விக்கலால் வந்ததா, வேறு எதனாலாவது வந்ததா, எனக்குத் தெரியாது.

“அம்மணி, தண்ணி குடிச்சுப்போட்டன். இனி இந்த ஊட்ல உக்காந்து பொய் சொல்ல மாட்டனுங்க. அந்த எடத்துக்கு அட்வான்ஸ் வாங்கிப்போட்டன்.”

கூட்டம் ‘அய்யய்யோ’ என்றது.

“ஆருகிட்டீங்க?” என்றாள் என் மனைவி.

“உங்க தம்பிகிட்டத்தானுங்க. மூணு சைட்டையும் ஒட்டுக்கா கேட்டாரு. பொங்கலுக்கு அக்காகிட்டச் சொல்லிக்கறன், அதுவரைக்கும் வாயத் தொறக்காதீங்கன்னு சொல்லிப்போட்டாரு.”

என் மனைவி அப்படியே அடுப்பு மேடையில் சாய்ந்துவிட்டாள். அவளுக்கு இருக்கும் ஒரே தம்பி, மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு மண்டி வைத்திருக்கிறான். அவன் வரும்போதெல்லாம் ‘பக்கத்துல ஒரு எடம் வாங்கிட்டு வந்துருடா, ஒட்டுக்கா இருக்கலாம்’ என்று வருஷக்கணக்காக நச்சரித்தது இவளேதான். அவனும் அக்கா சொல்லைத் தட்டாமல், அக்கா வீட்டுக்கு எதிரிலேயே, அக்காவின் எருமை படுத்திருக்கும் இடத்தையே பார்த்து வாங்கிவிட்டான். பார்க் வேறு பக்கம் போகிறது என்று புரமோட்டர் சொன்னதை நம்பியிருக்கிறான்.

காலனி மொத்தமும் எங்களைத் திரும்பிப் பார்த்தது. தலைவரின் மச்சினனே கிரவுண்டை வாங்குகிறான்! நான் சொம்பு இருந்த அட்டத்தில் எனக்கும் இடம் இருக்குமா என்று பார்த்தேன்.

என் மனைவி நிமிர்ந்தாள். “அண்ணா, என்ற தம்பி வேண்டாம்னு சொல்லிப்போட்டா?”

புரமோட்டர் சிரித்தார். கையில் வந்த இடத்தை எவன் விடுவான் என்ற தைரியம்.

“உங்க தம்பி வாயால வேண்டாம்னு சொல்லட்டுங்க அம்மணி. அந்த எடத்தப் பஞ்சாயத்துக்கே தானம் எழுதிக் குடுத்தர்றன். தண்ணி குடிச்ச ஊட்ல சொல்றனுங்க.”

“எல்லாரும் கேட்டுக்குங்க” என்றாள் என் மனைவி.

அடுத்த நாளே என்னை மேட்டுப்பாளையத்துக்கு பஸ் ஏற்றினாள். மச்சினனிடம் பேசி, அட்வான்ஸைத் திரும்ப வாங்கச் சொல்லிவிட்டு வர வேண்டும். மண்டியில் மச்சினன் என்னைக் கண்டதும், “வாங்க மச்சான்!” என்று சாக்கு மூட்டை மேல் துண்டு விரித்து உட்கார வைத்தான். வீட்டு பிளானை விரித்துக் காட்டினான். மாடிப்படி, போர்டிகோ, அக்கா வந்தால் தங்க ஒரு தனி ரூம். “எதுத்த ஊட்ல இருக்கறவளுக்கு எதுக்குடா மாப்ள தங்கறதுக்கு ரூமு?” என்று கேட்டேன். “உங்களோட சண்ட போட்டுட்டு வந்தா வேணுமில்லீங்க மச்சான்” என்றான். நியாயமாகத்தான் பட்டது. திரும்பி வரும்போது என் கையில் அரை மூட்டை உருளைக்கிழங்கு இருந்தது. வாசக்கால் வைக்கும் நாளன்று கொத்தனார்களுக்கு டீ வாங்கித் தருகிற பொறுப்பையும் ஏற்றுக்கொண்டு வந்திருந்தேன்.

என் மனைவி உருளைக்கிழங்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “ரெண்டும் ஒண்ணுதான்” என்றாள்.

மாட்டுப் பொங்கல் வந்தது. எங்கள் பக்கம் அன்றைக்குப் பட்டி மிதிப்பது உண்டு. கட்டுத்தரையில் மண்ணும் சாணியும் குழைத்துச் சின்னக் குளம் மாதிரி கரை கட்டி, தண்ணீர் ஊற்றி, ஆவாரம்பூவும் பூளைப்பூவும் செருகி, பூசை முடிந்ததும் மாட்டை அதற்குள் மிதித்துப் போகவிடுவோம். வருஷா வருஷம் வேப்ப மரத்தடியில்தான். இந்த வருஷம் நடுவில் நம்பர் போட்ட கல் நின்றது. என் மனைவி கல்லைச் சுற்றியே குளம் கட்டினாள். சார் டி.வி.எஸ். வண்டியில் போய் புரமோட்டரையும் பொங்கல் சாப்பிட அழைத்துவிட்டு வந்தார். சாப்பாட்டுக்கு அழைத்தால் அந்த மனுஷர் மறுக்க மாட்டார். வந்து மர நிழலில் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் மச்சினனுடைய டெம்போ வந்து நின்றது. மண்டிக்கு லீவு நாள் அதுதான் என்பதால் வருஷா வருஷம் மாட்டுப் பொங்கலன்றே அக்காவுக்குப் பொங்கல் சீர் கொண்டுவருவான். இரண்டு கரும்பைத் தோளில் சாத்தி, பெரிய பித்தளைத் தாம்பாளத்தில் அரிசி, வெல்லம், வாழைப்பழம், தேங்காய், பட்டுச் சேலை எல்லாம் அடுக்கித் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டு கேட்டுக்கு வந்தான். கேட்டு சாத்தியிருந்தது. உள்ளே என் மனைவி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“அக்கா, கேட்டத் தொற.”

“எதுக்கு?”

“எதுக்கா? சீரு கொண்டாந்திருக்கறனல்ல.”

“என்ற எருமையத் தொரத்திப்போட்டு எனக்கு வெல்லம் கொண்டாந்தியாக்கும்?”

“ஆரு தொரத்துனது? நீதான வருசம் பூரா பக்கத்துல வா, பக்கத்துல வான்னு உசுர வாங்குன!”

“பக்கத்துல வான்னுதான்டா சொன்னன். தலைமேல ஏறி உக்காருன்னா சொன்னன்?”

கிரவுண்டில் இருந்த கூட்டம் அப்படியே எங்கள் வாசலுக்கு நகர்ந்துவிட்டது. புரமோட்டரும் தட்டோடு எழுந்து வந்தார்.

சீர்த் தாம்பாளத்தை வாங்க வேண்டியவள் கையால் வாங்க வேண்டும். நடுரோட்டில் இறக்கி வைக்க முடியாது, கொண்டுவந்ததைத் திருப்பியும் எடுத்துப் போக முடியாது. போனால் உறவு முறிந்தது என்று அர்த்தம். மச்சினன் தாம்பாளத்தோடு நின்றான். ஒரு தேங்காய் உருண்டு விழுந்தது. பையன்கள் அதைப் பந்து என்று பிடித்துக்கொண்டு ஓடினார்கள். பாவம் பார்த்து நான் தாழ்ப்பாள் பக்கம் கையைக் கொண்டுபோனேன்.

“ஏனுங்க” என்றாள் என் மனைவி. அவ்வளவுதான். கை தானாகவே என் சட்டைப் பைக்குள் போய்விட்டது.

சார் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். “சேர எடுத்துட்டுப் போயிருங்க சார்” என்றாள். எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

“அக்கா, கை மரத்துப் போச்சு.”

“எறக்கி வெய்யி. கல்லு மூணு நட்டு வெச்சிருக்கறயல்ல, அதும்மேல வெய்யி.”

யாரோ சிரித்தார்கள். மச்சினன் சிரிக்கவில்லை. என் மனைவியின் குரல் அதற்குப் பிறகு இறங்கிவிட்டது.

“இந்த வருசம் எனக்கு சீலை வேண்டாம், வெல்லம் வேண்டாம். அந்த எடத்த உட்டுரு. அதுதான் சாமி எனக்கு சீரு.”

அவன் தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்பனும் ஆத்தாளும் போன பிறகு அவளுக்குச் சீர் கொண்டுவர இருப்பவன் அவன் ஒருவன். வாங்கிக்கொள்ள அவனுக்கு இருப்பவளும் அவள் ஒருத்தி. திரும்பி டெம்போவில் ஏறிவிட்டான் என்றால் எருமையும் போயிற்று, தம்பியும் போனான். என் மனைவி கேட்டுக் கம்பியைப் பிடித்திருந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு ஒரு ஜோக்கும் தோன்றவில்லை.

“பிளான் எல்லாம் போட்டுட்டன்க்கா” என்றான். “மாடிப்படிக்குக் கருப்புக் கல்லு சொல்லி வெச்சிருக்கறன்.”

“மாடிப்படி எங்க வெச்சாலும் ஏறும்டா. என்ற எருமை ஏறுமா?”

அவனுக்கு உதடு கோணியது. அழுகிறான் என்று நினைத்தேன். சிரிப்பு. அடக்க முடியாமல் குலுங்கினான், அதில் இன்னொரு தேங்காயும் விழுந்தது.

“செரி, உட்டுட்டன். கேட்டத் தொறக்கா, கை கழண்டு போச்சு!”

“சத்தமாச் சொல்லு. அண்ணனுக்குக் கேக்கோணும்.”

“எனக்கு அந்த எடம் வேண்டாமுங்கோ!” என்று தொண்டை கிழியக் கத்தினான். மரத்திலிருந்த காக்காய் எல்லாம் எழும்பிப் பறந்தது. என் மனைவி கேட்டைத் திறந்து தாம்பாளத்தை வாங்கி, இடுப்பில் வைத்துக்கொண்டு, மறு கையால் தம்பியின் தலையில் ஒன்று போட்டாள்.

எல்லோரும் புரமோட்டரைப் பார்த்தோம். அவர் வாய் நிறையப் பொங்கல் இருந்தது. மெதுவாக விழுங்கினார். மறுபடி விக்கல் வருமோ என்று காலனியே காத்திருந்தது. வரவில்லை.

“அம்மணி, நான் ஏதோ பேச்சுக்குச் சொன்னனுங்க...”

“தண்ணி குடிச்ச ஊட்லீங்களா பேச்சுக்குச் சொன்னீங்க?”

அவர் கல்லைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், கையிலிருந்த தட்டைப் பார்த்தார். தட்டில் பொங்கல் இன்னும் பாதி இருந்தது. அதுவும் இந்த வீட்டுப் பொங்கல்.

“செரி போங்க. எழுதிக் குடுத்தர்றனுங்க. தையிலயே எழுதிர்றன்” என்றவர், “அதுக்காக இந்தப் பொங்கலப் புடுங்கிப்போடாதீங்க” என்றார்.

அதற்கப்புறம் அங்கே நடந்ததை எப்படிச் சொல்வது? சார், என் மனைவியின் எருமையைக் கட்டிப்பிடித்தார். ஷூவைப் பற்றிக் கவலையே இல்லை. மில்காரர் எவர்சில்வர் தட்டில் கரண்டியால் அடித்தார். எருமையைக் குளத்துக்கு ஓட்டினோம். சத்தத்தில் மிரண்டு நாலு காலையும் ஊன்றிக்கொண்டது. நான் இழுத்தேன், அது என்னை இழுத்தது. புரமோட்டர் தட்டை வைத்துவிட்டு வந்தார். “உடுங்க தலைவரே, இது உங்க கிரைண்டரு இல்ல” என்று வேட்டியை மடித்துக் கட்டி, கயிற்றை வாங்கி, நாக்கைச் சுழற்றி ஒரு சத்தம் கொடுத்தார். எருமை துள்ளிக் கிளம்பியது. குளத்தில் இறங்கி, கரையை உடைத்து, கல்லைச் சாய்த்து, அவரையும் இழுத்துக்கொண்டு கிரவுண்டைச் சுற்றி ஓடியது. வெள்ளை வேட்டியில் சேறு வாரியடித்தது. “பட்டி பெருகோணும்! பால் பானை பொங்கோணும்!” என்று கத்திக்கொண்டே அவர் பின்னால் ஓட, அவர் பின்னால் மச்சினன், அவன் பின்னால் நாங்கள் எல்லோரும். எதற்கு ஓடுகிறோம் என்று யாருக்கும் தெரியாது. நிற்கத்தான் முடியவில்லை.

சொன்னபடியே புரமோட்டர் தையில் பத்திர ஆபீசுக்கு வந்தார். தானப் பத்திரம், பஞ்சாயத்து பேரில். சங்கத் தலைவர் என்று எனக்கும் ஒரு சாட்சிக் கையெழுத்து இருந்தது. அதற்காக நான் மச்சினனுடைய பேன்ட்டை வாங்கிப் போட்டிருந்தேன். அவன் என்னைவிட ஒரு சுற்றுப் பெரியவன், பெல்ட்டுக்குக் கம்பெனியில் கிரைண்டர் பெல்ட்டையே வெட்டிக் கட்டியிருந்தேன். ஆபீசர் பத்திரத்தைப் பிரித்து வைத்து, “ஏனுங்க, நீங்கதான் தலைவருங்களா? இங்க போடுங்க” என்று இடத்தைத் தொட்டுக் காட்டினார். நான் பேனாவை வாங்கிக் குனிந்தேன். குனிந்த வேகத்தில் அந்த பெல்ட்...

“ஏனுங்க! என்னத்த எழுதிட்டே கெடக்கறீங்க? கிரவுண்டுக்கு வாங்க!”

என் மனைவிதான், வாசலிலிருந்து.

“கேபிள்காரன் ஆரையும் கேக்காம கம்பி கட்டறதுக்கு நம்ம வேப்ப மரத்துல ஏறிட்டான். சாரு ஏணிய எடுத்துட்டாரு. பொது மரம், சங்கத்துல எழுதிக் குடுத்தாத்தான் ஏணி வருமுங்கறாரு. அவன் மேல உக்காந்துட்டுக் கத்தறான். கீழ எருமை கத்துது. வெசையா வாங்க!”

வாரேன், வாரேன். ஏணி எங்கள் வீட்டு ஏணி.